இன்னும் ஒரு ராடு

சென்னை
4.6.2025

அண்ணன் குணசீலன் அவர்களுக்கு,

யுவஸ்ரீ எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. பாதி வேலையில் ஸ்டுடியோவை விட்டு, ஸ்நேர் டிரம்மை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறியவருக்கு என்ன கேடு வந்திருக்கப் போகிறது. நான்கு நாளாகக் கூப்பிடுகிறேன், உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மாவைக் கேட்டால், "அவன் ரிக்கு வண்டிக்குப் போயிட்டான் சாமி, எந்த ஊருன்னு சொல்லல" என்கிறார். அதனால்தான் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீஸ் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். டீசல் கொண்டு வரும் வண்டியில் இதையும் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சின்னண்ணன் சொன்னார்.

சனிக்கிழமை நடந்ததில் என் தப்பு ஒன்று உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 'எண்ணூறு அடி' பாட்டை எட்டு நிமிடத்திலிருந்து மூன்றே முக்கால் நிமிடத்துக்கு வெட்டப்போகிறார்கள் என்று எனக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். சம்மதித்ததும் நான்தான். உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு, கேட்டால் தானாகப் பிடித்துவிடும் என்று விட்டேன். நீங்கள் கேட்டீர்கள். கடைசியில் வருகிற உங்கள் இரண்டு நிமிட டிரம்ஸ் எட்டே செகண்டில் முடிந்ததும் எழுந்து, "இதுக்கு நீங்க ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சியிருக்கலாமுங்க" என்று தண்டாயுதபாணி சாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த மனுஷன் முப்பது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

பாட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒன்றுதான். பாட்டுச் சின்னதாக இருக்க வேண்டும், வார்த்தை காதில் விழ வேண்டும், ஒருமுறை கேட்டவன் மறுமுறை கூடப் பாட வேண்டும். ராக் என்றால் யாருக்கும் புரியக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? முதல் ஆல்பம் 'தூசி'யை மொத்தம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பாதிப் பேர் நம் ஒறம்பரைச் சொந்தங்கள்.

ஒன்பது பாட்டுக்கும் நீங்கள் அடித்து முடித்துவிட்டீர்கள். மீதி வேலையைப் பேண்டில் மிச்சமிருக்கிற நானும் ஜீவானந்தமும் பார்த்துக்கொள்கிறோம். ஜூலை 31-க்குள் ஆல்பத்தில் போடுகிற பெயர்களை அனுப்ப வேண்டும். அதற்குள் உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

யுவஸ்ரீ

*

கெங்கவல்லி
10.6.2025

அம்முணிக்கு,

உன் கடிதம் டீசல் வாசத்தோடு வந்து சேர்ந்தது. முழுக்க 'நீங்கள்' போட்டிருக்கிறாய். கோபம் வந்தால்தானே உன்னிடம் எனக்கு மரியாதை கிடைக்கும்.

என் போன் அணைந்து கிடக்கவில்லை. முங்கிக் கிடக்கிறது. வந்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஒரு தோட்டத்தில் 420 அடி ஓட்டி, துளை போடும் ராடுகளை மேலே எடுத்த பிறகு, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குழிக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்ததும் சட்டைப் பையிலிருந்து போன் நழுவிப் போய்விட்டது. மூன்று எண்ணி முடிக்கும்போது 'தொப்' என்று சத்தம். தோட்டத்துச் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். "ஏனுங்க, புதுப் போரு, அதுக்குள்ள போனு வெச்சுக் குடுக்கறீங்களே" என்றார். முங்கினது முங்கினதாக இருக்கட்டும் என்று நானும் வேறு வாங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எட்டுப் பாட்டையும் நீ எப்படி வேண்டுமானாலும் சீவிக் கொள். பூ வை, பொட்டு வை. நான் கேட்கவில்லை. 'எண்ணூறு அடி' அப்படிப்பட்ட பாட்டா? அப்பாவின் மூன்றாவது போர்வெல் போட்ட அன்று உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினைந்து. நாம் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோமே, மறந்துவிட்டதா? ஐந்நூறில் ரிக்காரன் போதும் என்றான். அப்பா, "இன்னும் ஒரு ராடு எறக்குங்க" என்றார். அறுநூறிலும் அதுதான், எழுநூறிலும் அதுதான். எண்ணூறிலும் தூசிதான் வந்தது. பருத்திச் செடியெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நின்றது. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயரே 'எண்ணூறடி காளியண்ணன்'. பந்தியில் இலை போடுகிறவன்கூட, "எண்ணூறடிக்கு ஒரு எலை போடப்பா" என்று சிரித்திருக்கிறான். என் காதால் கேட்டேன்.

நான் அடிக்கிற இரண்டு நிமிடம் அந்தத் தூசி. அது அலங்காரம் இல்லை. கச்சேரியில் அந்தப் பாட்டு வந்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார், நீயும்தானே பார்த்திருக்கிறாய். அவரால் தாங்க முடியவில்லை. அப்படித் தாங்க முடியாத ஒன்றை நீ எட்டு செகண்டாக்கி, டீ விளம்பரத்துக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாய்.

என் பெயரைப் போடாதே. எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே சொல்கிறேன். போர்க் குழியின் அகலத்தை வைத்துப் பேண்டுக்கு 'ஆறரை இஞ்ச்' என்று பெயர் வைத்தவனும் நான்தான், அதையும் நீயே வைத்துக்கொள்.

குணா

*

சென்னை
16.6.2025

அண்ணா,

போன் குழிக்குள் விழுந்ததைப் படித்துவிட்டு ஸ்டுடியோ வாசலில் நின்று சிரித்தேன். அப்புறம் மீதியைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பாட்டின் வரி ஒவ்வொன்றையும் எழுதினவள் நான். நீ தூசியை மட்டும் பிடித்துக்கொண்டாய். நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதையேதான் பல்லவியாக வைத்தேன்.

*இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரு ராடு,*
*ஈரம் இருக்குதுன்னு எங்கப்பன் சொன்னான்.*
*ஊரு சிரிச்சாலும் உள்ள போன ஆளு,*
*தூசியில நின்னாலும் தோக்காத ஆளு.*

இந்த நாலு வரியை உன்னைத் தவிர யார் கேட்டிருக்கிறார்கள் சொல். 'தூசி'யை ஜீவானந்தம் வீட்டுக் கோழிப்பண்ணைத் தீவன குடோனில் பதிவு செய்தோம். சுவர் நாலு பக்கமும் முட்டை அட்டை ஒட்டினோம், அறுநூறு அட்டை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பதிவு முடிந்து வீட்டில் போட்டுக் காட்டினால் அம்மா என்ன கேட்டார், நினைவிருக்கிறதா? "நீ எந்த எடத்துல பாடறே சாமி?" நீயும் ஜீவானந்தமும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

இங்கே வந்த முதல் நாள் தண்டாயுதபாணி சார் கிட்டாரைக் கீழே வைக்கச் சொன்னார். "வார்த்தையை மட்டும் படிம்மா" என்றார். படித்தேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஏம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். மூன்று வருடத்தில் என் பாட்டை ஒருவர் கேட்டது அன்றுதான். நீ அதைப் பாயசம் என்கிறாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆழம் போகப் போகத்தான் ரிக்காரனுக்கு லாபம். ஆனாலும் தண்ணீர் வந்துவிட்டால் மேலே ஒரு அடிகூட ஓட்டாமல் நிறுத்துகிற ஆள் குணசீலன்தான் என்று ராசிபுரத்திலிருந்து எடப்பாடி வரைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா. அந்த ஆளுக்குப் பாட்டு என்று வந்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. ஊருக்குத்தான் உபதேசம்.

பென்டிரைவ் வைத்திருக்கிறேன். புது ஆல்பம் 'ஊத்து', ஒன்பது பாட்டும் இருக்கிறது. லாரி கேபினில் போட்டுக் கேள். அந்த எட்டு செகண்டும் நீ அடித்ததுதான். நூறு அடிக்கு ஒரு செகண்ட் என்று வைத்துக்கொள்.

யுவா

*

ஓமலூர்
29.6.2025

அம்முணிக்கு,

பென்டிரைவ் வந்தது. நான் போட்டுக் கேட்கவில்லை.

நம் வண்டியில் வேலை செய்கிற சத்தீஸ்கர் பையன்கள் ஐந்து பேரும் கேட்டுவிட்டார்கள். ராடு இறக்கும்போது இன்றைக்கு ஐந்து பேரும் சேர்ந்து "இன்னும் ஒரு ராடு" என்று பாடுகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் சோறு, தண்ணி, லீவு இந்த மூன்றுதான் தெரியும். இப்போது நாலாவதாக இது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ராடு ஒன்றும் நேரம் பிந்தாமல் இறங்குகிறது.

அவர்கள் பாடினால் நான் என்ன காதைப் பொத்திக்கொள்ள முடியுமா. கேபின் கதவும் திறந்துதான் இருந்தது. உன் குரல் நன்றாக இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும், குடோனிலேயே தெரியும். உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அதற்காக எட்டு செகண்ட் சரியாகிவிடாது. பெயர் விஷயத்தில் மாற்றம் இல்லை.

தண்டாயுதபாணி சாரிடம் பாயசம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சாப்பாட்டு வேளையில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

குணா

*

சென்னை
12.7.2025

அண்ணா,

நேற்று பாட்டு வெளியே வந்துவிட்டது. ஒன்பதில் முதலாவதாக 'எண்ணூறு அடி'யைத்தான் கம்பெனி விட்டிருக்கிறது.

பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதே. இல்லை, நினைத்துக்கொள், பெருமைதான் அடிக்கிறேன். காலையில் ஆட்டோவில் வந்தேன். சிக்னலில் பக்கத்துக் காரில் நம் பாட்டு. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் அடித்தது உன் தாளம்தான், அந்த மூன்றாவது அடியைக் கொஞ்சம் பிந்தி விடுவாயே, அதையும் விடாமல் அடித்தார். இறங்கிப் போய், இது எங்கண்ணன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சிக்னல் விழுந்துவிட்டது.

நேற்று ராத்திரி வரைக்கும் யார் யாரோ கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த தனப்பிரியா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு அழுதாள். வீட்டிலிருந்து மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். "அப்பாகிட்டக் குடும்மா" என்றேன். "அவுரு தோட்டத்துக்குப் போயிட்டாரு" என்றார். அண்ணா, அவர் பக்கத்திலேயே செருமுவது எனக்குக் கேட்டது.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நீ சொன்னது சரியோ என்று. நம் வீட்டுக்குள் இருந்த ஒன்றை எடுத்து நான் ஊர் வாயில் போட்டுவிட்டேனோ என்று. எட்டு நிமிடப் பாட்டாக இருந்தவரை அதை யாரும் திரும்பப் பாடியிருக்க முடியாது. இப்போது எல்லோரும் பாடுகிறார்கள். மறுபடியும் அவரைப் பார்த்து 'எண்ணூறடி' என்று சிரிப்பார்களா?

அதனால் இன்று கம்பெனியில் சண்டை போட்டேன். முழு எட்டு நிமிடத்தையும் ஆல்பத்தில் கடைசிப் பாட்டாக வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். உன் இரண்டு நிமிடமும் அப்படியே இருக்கும். ஆனால் அடித்தவன் பெயர் இல்லாமல் அதைப் போட மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஜூலை 31 கடைசி நாள்.

அப்பா ஏதாவது சொன்னாரா? நீ ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ப் பார். எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

யுவா

*

அயோத்தியாப்பட்டணம்
19.7.2025

அம்முணி,

நான் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா இங்கே வந்தார்.

இரு, முழுதாகச் சொல்கிறேன். புதன்கிழமை ஆட்டு மருந்து வாங்கச் சேலம் வந்திருக்கிறார். வாங்கிக்கொண்டு திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பஸ் கிளம்பவில்லை, டிரைவர் பாட்டுப் போட்டிருக்கிறான். உன் பாட்டு. முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் கூடவே பாடியிருக்கிறார்கள். அப்பா பாதியில் இறங்கிவிட்டார். கண்டக்டர், "ஏனுங்க, வண்டி எடுக்கப் போறமுங்க" என்று கூப்பிட்டிருக்கிறான். திரும்பிப் பார்க்காமல் போய் ரிக் ஆபீஸுக்குப் போன் செய்து, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கேட்டு, ஆத்தூர் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

பதினொரு வருடமாக ரிக் வண்டி நிற்கிற தோட்டத்துப் பக்கம் போகாத மனுஷன். ரோட்டில் ரிக் வண்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். நான் இந்த வேலைக்கு வந்தபோது வேண்டாம் என்றும் சொன்னதில்லை, வேலை எப்படி என்று ஒரு நாள் கேட்டதும் இல்லை. அவர் வெள்ளை வேட்டியோடு கம்ப்ரசர் லாரி பக்கத்தில் வந்து நிற்கிறார். வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். குழிக்குள் ஹேமர் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதியில் நிறுத்த முடியாது. தூசி அவர் மேலெல்லாம் படிகிறது. தட்டிவிடாமல் நிற்கிறார்.

ராடு மாற்றுவதற்காக நிறுத்தினேன். சத்தம் அடங்கினதும், நம் பையன்கள் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரு ராடு. அப்பா அவர்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இவிங்களுக்குமா தெரியும்?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"அது நாஞ் சொன்னதுதான?"

"நீங்க சொன்னதுதானுங்க."

"தோக்காத ஆளுன்னு வருதே. அது யாரு?"

"நீங்கதானுங்கப்பா."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தூசியைத் துடைக்கிற மாதிரி. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாம் பெத்ததுகளும் சேந்துட்டு என்னைய நக்கலடிக்குதுகன்னு நெனச்சிட்டிருந்தேன் சாமி. எண்ணூறு அடின்னு மைக்குல சொல்லுவீங்க, எல்லாருங் கை தட்டுவாங்க. மூணு வருசமா எனக்கு அதுதான் காதுல உளுந்துச்சு. மத்ததெல்லாம் ஒரே டமடமன்னு இருக்கும், ஒரு சொல்லு வெளங்காது. சரி, புள்ளைங்க பொழப்பு, எதுக்குக் கேக்கோணும்னு எந்திரிச்சுப் போயிருவேன்."

யுவா, ஒவ்வொரு கச்சேரிக்கும் வந்தார். அம்மா கொடுத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பாட்டு வந்தால் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். மனசு தாங்காமல் போகிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் டிரம்ஸுக்கு அவ்வளவு பலம் என்று நினைத்தேன். அவர் அவமானத்தோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். நாமும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நம் வீட்டில் யார் யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறோம். வார்த்தை காதில் விழ வேண்டும் என்று நீ சொன்னபோது நான் பாயசம் என்றேன். விழாமல் போனதால்தான் மூன்று வருடம் அவர் இதைச் சுமந்திருக்கிறார். அதற்குக் காரணம் என் கை. ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பையன்களிடம் நான் அரைகுறை இந்தியில், இவர்தான் பாட்டில் வருகிற ஆள் என்றேன். ஐந்து பேரும் ஓடிவந்து காலைத் தொட்டுவிட்டார்கள். அப்பா கூச்சத்தில் இரண்டடி பின்னால் போனார். பிறகு அவரே அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார், அந்த எண்ணூறு அடியை முதலிலிருந்து சொன்னார். அவர்களுக்கு ஒரு சொல் புரியாது. எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். பதினொரு வருடத்தில் அவர் வாயால் அந்தக் கதையை நான் கேட்டது அன்றுதான். அவர் சொல்லும்போது அது தோற்ற கதையாகவே இல்லை. முந்நூற்று அறுபதில் தண்ணீர் வந்தபோது அவரும் கூட நின்று பார்த்தார். முகத்தில் அடித்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

எட்டு நிமிடத்தை ஆல்பத்தில் போடாதே. தண்ணீர் வந்துவிட்டது, நிறுத்து. எட்டு செகண்ட் போதும் என்று நானே சொல்கிறேன். ஆனால் கேபினில் பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டி இதை அவரிடம் சொன்னதற்கு, "கடைசீல அந்தக் கொட்டு ரொம்பக் கொஞ்சமா வருதே. அன்னைக்குத் தூசி எத்தன நேரம் வந்துச்சு" என்கிறார். அதனால் மேடையில் இரண்டு நிமிடமும் உண்டு, ஒரு செகண்ட்கூடக் குறைக்க மாட்டேன். ஆகஸ்டில் சேலத்தில் வைத்துக்கொள்வோம். முன் வரிசையில் ஒரு சீட்டு எடுத்து வை. பஞ்சு கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிடு.

அன்று உன் போனில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். பாட்டு வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாராம், எண்ணூறு அடியா, அதைப் பற்றி நான் என்ன பேச என்று விட்டுவிட்டாராம். இப்போது உன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எடு, வெட்டிவிடாதே, கொஞ்ச நேரம் செருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

என் பெயரைப் போடு. நாளைக்குப் போனும் வாங்கிவிடுகிறேன்.

பஸ் ஏற்றிவிடும்போது, ஆல்பத்தில் பெயரெல்லாம் போடுவார்கள் என்றேன். "எம்பேரும் வருமா?" என்றார். பல்லவி உங்களது, போடச் சொல்கிறேன் என்றேன். காளியண்ணன் என்று மட்டும் போடலாமா என்று கேட்டேன். படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு யோசித்தார். கண்டக்டர் விசில் ஊதுகிறான்.

"வெறுங் காளியண்ணன்னா நம்மூர்ல நாலு பேரு இருக்கறாங்க சாமி. யாருன்னு தெரியும்? எண்ணூறடி காளியண்ணன்னு போடச் சொல்லு."

குணா